ஆச்சி மனோரமா: நாடகக் 'கம்பெனி' முதல் 1,000 படங்கள் வரை... கதாநாயகி ஆகாமலே அரை நூற்றாண்டு நின்றது எப்படி?

கும்மிடிப்பூண்டியில் இன்று ஒருவர் 'கம்பெனிக்குப் போறேன்' என்றால் சிப்காட் தொழிற்சாலைக்குப் போகிறார் என்று அர்த்தம். 75 ஆண்டுகளுக்கு முன்னால் தமிழ்நாட்டில் பல ஊர்களில் அதே சொல்லுக்கு வேறு அர்த்தமும் இருந்தது. கம்பெனி என்றால் நாடகக் கம்பெனி. வறுமையில் இருந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு மூணு வேளை சோறு, தங்க இடம், ஒரு தொழில் மூன்றையும் கொடுத்த இடம் அது.

அந்தக் கம்பெனி உலகத்திலிருந்து வந்தவர்தான் மனோரமா. தமிழ் சினிமா 'ஆச்சி' என்று கூப்பிட்ட ஒரே நடிகை. 2015 அக்டோபர் 10-ல் தன் 78-வது வயதில் அவர் காலமானார். 10 ஆண்டுகள் கடந்த பிறகும், அவருடைய காமெடிக் காட்சிகள் தினமும் யாரோ ஒருவரின் செல்போனில் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

சினிமாவில் கதாநாயகிகளின் ஆயுள் பெரும்பாலும் பத்து வருஷம். மனோரமா 1958-ல் தொடங்கி 2013 வரை திரையில் இருந்தார். இது எப்படி நடந்தது? இன்னொரு மனோரமா வர வழி இருக்கிறதா? விரிவாகப் பார்க்கலாம்.

முக்கிய அம்சங்கள்:

• இயற்பெயர் கோபிசாந்தா. 1937 மே 26-ல் மன்னார்குடியில் பிறந்தார். வளர்ந்தது காரைக்குடி அருகே பள்ளத்தூரில்.

• முதல் படம் 'மாலையிட்ட மங்கை' (1958). தயாரித்தவர் கண்ணதாசன்.

• 1,000 படங்களைத் தாண்டியதற்காக 1985-ல் கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்றார்.

• 'புதிய பாதை' படத்துக்காகச் சிறந்த துணை நடிகைக்கான தேசிய விருது. 2002-ல் பத்மஸ்ரீ.

• ஐந்து முதல்வர்களோடு மேடையிலோ திரையிலோ நடித்தவர்.

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

சென்னையைச் சுற்றியுள்ள சினிமாத் தொழில் மெல்ல மேற்கு நோக்கி நகர்கிறது. கோடம்பாக்கம், வடபழனி ஸ்டூடியோக்கள் பல அடுக்குமாடிகளாகவும் மண்டபங்களாகவும் மாறிவிட்டன. படப்பிடிப்புத் தளங்கள் பூந்தமல்லி பக்கம் போய்விட்டன. திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள பூந்தமல்லி அருகே சுமார் 500 கோடி ரூபாயில் நவீன திரைப்பட நகரம் அமைக்கப்படும் என்று முதல்வர் மு.க.ஸ்டாலின் 2024 ஜனவரியில் அறிவித்தார்.

தளம் வரும், கேமரா வரும், கிராஃபிக்ஸ் கூடம் வரும். நடிகர்கள் எங்கிருந்து வருவார்கள்? அதுவும் ஐந்து நிமிடக் காட்சியில் வந்து படத்தையே தூக்கி நிறுத்தும் குணச்சித்திர நடிகர்கள்? ஒரு காலத்தில் இந்தக் கேள்விக்கு 'நாடகக் கம்பெனி' என்று பதில் இருந்தது. அந்தப் பதில் எப்படி வேலை செய்தது என்பதைப் புரிந்துகொள்ள மனோரமாவின் வாழ்க்கையைவிட நல்ல உதாரணம் கிடையாது.

கோபிசாந்தா, மனோரமா ஆனது எப்படி?

அப்பா காசி கிளாக்குடையார், அம்மா ராமாமிர்தம். அப்பா, அம்மாவின் தங்கையையே இரண்டாவதாகக் கல்யாணம் செய்துகொள்ள, ராமாமிர்தம் கைக்குழந்தையோடு மன்னார்குடியை விட்டுக் கிளம்ப வேண்டியதாயிற்று. வந்து சேர்ந்த இடம் செட்டிநாட்டுப் பகுதியான பள்ளத்தூர். அங்கே வீட்டு வேலை செய்துதான் மகளை வளர்த்தார். மகளின் பள்ளிப் படிப்பும் பாதியில் நின்றது. சின்ன வயசிலேயே அவரும் வீட்டு வேலைக்குப் போனார்.

அந்தச் சிறுமியிடம் இருந்த ஒரே சொத்து குரல். நன்றாகப் பாடுவார். 12 வயது வாக்கில் உள்ளூரில் நடந்த நாடகங்களில் பாடவும் நடிக்கவும் ஆரம்பித்தார். நாடகக் குழுவினர் வைத்த பெயர்தான் மனோரமா.

'ஆச்சி' என்ற அழைப்பும் அந்த மண்ணின் வாசனைதான். செட்டிநாட்டில் நகரத்தார் பெண்களை மரியாதையாக அழைக்கும் சொல் அது. அங்கே வீட்டு வேலை செய்த ஒரு பெண்ணின் மகளை, பிற்காலத்தில் தமிழ்நாடே அந்த மரியாதைச் சொல்லால் அழைத்தது.

வடக்கே கூத்து, தெற்கே நாடகம்: இதில் என்ன வித்தியாசம்?

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். மனோரமா பள்ளத்தூரில் வளராமல், திருவள்ளூர், பொன்னேரி பக்கம் ஒரு கிராமத்தில் வளர்ந்திருந்தால் அவருக்கு மேடை கிடைத்திருக்குமா? சந்தேகம்தான்.

வட தமிழ்நாட்டின் மேடை தெருக்கூத்து. திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களில் பாரதக் கதையை விடிய விடிய ஆடுவார்கள். அதில் பாஞ்சாலி வேஷம் உட்பட பெண் வேடங்களை மரபாக ஆண்கள்தான் கட்டுவார்கள். நாடகத்தின் மையமே ஒரு பெண்ணின் கோபம். ஆனாலும் மேடையில் பெண்ணுக்கு இடமில்லை. சமீப காலத்தில்தான் சில இடங்களில் பெண்கள் கூத்துப் பழகத் தொடங்கியிருக்கிறார்கள்.

தெற்கே நிலைமை வேறு. மதுரை, புதுக்கோட்டை, காரைக்குடி வட்டாரத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) வழிவந்த இசை நாடகம் வேரூன்றியிருந்தது. அங்கேயும் முதலில் சிறுவர்களை வைத்து நடத்தும் பாய்ஸ் கம்பெனிகள்தான். ஆனால் 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பெண்களும் மேடை ஏறினார்கள். கே.பி.சுந்தராம்பாள் அப்படி வந்தவர். தமிழ் பேசும் படங்களின் முதல் கதாநாயகி டி.பி.ராஜலட்சுமியும் நாடக மேடையிலிருந்து 'காளிதாஸ்' (1931) படத்துக்குப் போனவர்தான்.

அதற்காக அந்தப் பெண்களுக்கு ஊரில் பெரிய மரியாதை இருந்தது என்று நினைக்க வேண்டாம். 'கூத்தாடி' என்பது அன்றைக்கு வசவுச் சொல். நாடகக்காரி என்றால் வாடகைக்கு வீடு கிடைப்பதும் கஷ்டம், வரன் கிடைப்பதும் கஷ்டம். பணக்கார வீட்டுப் பெண்கள் வராத அந்த இடத்துக்கு, வேறு வழியில்லாத வீட்டுப் பெண்கள்தான் வந்தார்கள்.

'கம்பெனி' என்ன சொல்லிக் கொடுத்தது?

உள்ளூர் நாடகங்களில் தொடங்கி வைரம் நாடக சபா, பிறகு எஸ்.எஸ்.ராஜேந்திரனின் நாடக மன்றம் என்று மனோரமா மேலேறினார். கருணாநிதி எழுதி எஸ்.எஸ்.ஆர். நடத்திய 'மணிமகுடம்' நாடகம் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. அது திராவிட இயக்க நாடகங்கள் கொடிகட்டிப் பறந்த காலம். அண்ணாவோடும் அவர் மேடையில் நடித்தார். 'உதயசூரியன்' நாடகத்தில் கருணாநிதியோடு நடித்தார்.

இந்த மேடைகள் கொடுத்த பயிற்சி மூன்று வகை.

ஒன்று, நினைவாற்றல். பக்கம் பக்கமான வசனத்தை மனப்பாடமாகச் சொல்லணும். திராவிட இயக்க நாடகங்களில் வசனம்தான் கதாநாயகன். ஒரு சொல் தடுமாறினால் கைதட்டல் போய்விடும்.

இரண்டு, குரல். மைக் சரியாக இல்லாத மைதானத்தில் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும். கத்தாமல் கேட்க வேண்டும். பாட்டும் தெரிய வேண்டும்.

மூன்று, சமாளிப்பு. எதிரில் நிற்பவர் வசனத்தை மறந்தால், விளக்கு அணைந்தால், கூட்டம் கூச்சல் போட்டால், அந்த நொடியிலேயே எதையாவது பேசிக் காட்சியைக் காப்பாற்ற வேண்டும். மேடையில் 'ஒன் மோர்' கிடையாது.

இந்த மூன்றும் கையில் இருக்கும் ஒருவரை கேமரா முன்னால் நிறுத்தினால், இயக்குநருக்குப் பாதி வேலை மிச்சம். ஒரே டேக்கில் முடித்துக் கொடுக்கும் நடிகை என்றால் தயாரிப்பாளருக்கு ஃபிலிமும் மிச்சம்.

அதே நாட்களில் சொந்த வாழ்க்கை வேறு திசையில் போனது. நாடகத் துறையைச் சேர்ந்த எஸ்.எம்.ராமநாதனை 1954-ல் காதலித்துத் திருமணம் செய்துகொண்டார். ஒரு மகன் பிறந்தார். இரண்டே ஆண்டில் அந்த உறவு முறிந்தது. அம்மாவுக்கு நடந்ததே மகளுக்கும் நடந்தது. கையில் குழந்தை, கூடவே அம்மா, சம்பாதிக்க வேண்டியவர் இவர் ஒருவர்தான். 'இந்த வேஷம் வேண்டாம், அந்த வேஷம் வேண்டாம்' என்று சொல்லும் வசதி அவருக்கு இல்லை.

முதல் படத்திலேயே காமெடி: கண்ணதாசன் சொன்னது என்ன?

1958-ல் கண்ணதாசன் தயாரித்த 'மாலையிட்ட மங்கை' படத்தில் மனோரமாவுக்கு வந்தது நகைச்சுவை வேடம். மேடையில் கதாநாயகியாக நடித்துக்கொண்டிருந்தவருக்கு அது ஏமாற்றம். கதாநாயகியாக நடித்தால் சில வருஷங்களில் ஒதுக்கிவிடுவார்கள், நகைச்சுவையில் நின்றால் ரொம்ப காலம் நிலைக்கலாம் என்ற பொருளில் கண்ணதாசன் எடுத்துச் சொல்லித் தேற்றியதாக மனோரமாவே பல பேட்டிகளில் நன்றியோடு சொல்லியிருக்கிறார்.

1963-ல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த 'கொஞ்சும் குமரி'யில் கதாநாயகியாகவும் நடித்தார். ஆனால் அந்தப் பாதை தொடரவில்லை. கண்ணதாசன் சொன்ன பாதைதான் தொடர்ந்தது. அன்றைய கதாநாயகிகள் பலர் 70-களிலேயே ஓய்வு பெற்றபோது, மனோரமாவின் கால்ஷீட் டைரி நிரம்பி வழிந்தது.

27 ஆண்டில் 1,000 படங்கள்: இது சாத்தியமா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1958 முதல் 1985 வரை 27 ஆண்டுகள். 1,000 படங்கள் என்றால் ஆண்டுக்குச் சராசரியாக 37. அதாவது மாதத்துக்கு மூன்று படங்கள். இன்றைய முன்னணி நடிகர் ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ படம் செய்கிறார். அப்படியிருக்க இது எப்படி முடிந்தது?

பதில் அன்றைய சினிமாவின் வேலை முறையில் இருக்கிறது.

பல படங்களில் காமெடி ஒரு தனி 'டிராக்'. முக்கியக் கதைக்கும் அதற்கும் பெரிய தொடர்பு இருக்காது. சில நேரம் அதை எழுதுபவரே வேறு. அதனால் காமெடி நடிகர்களின் காட்சிகளை மட்டும் சில நாட்களில் தனியாக எடுத்து முடித்துவிடலாம். கதாநாயகன் வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை.

ஸ்டூடியோக்கள் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில். ஏவி.எம்., விஜயா-வாகினி என்று வடபழனியைச் சுற்றியே பல தளங்கள். காலை ஒரு தளத்தில் சேரித் தமிழ் பேசும் பெண், மத்தியானம் வேறு தளத்தில் ஐயர் வீட்டு மாமி, ராத்திரி ஒரு தளத்தில் பாட்டி. கும்மிடிப்பூண்டியில் ஆலைகள் ஷிஃப்ட் முறையில் ஓடுவது போலத்தான் அன்றைய கோடம்பாக்கமும் ஓடியது. அந்த ஷிஃப்டில் ஓயாமல் உழைத்தவர்களில் மனோரமா முதல் வரிசை.

தமிழோடு தெலுங்கு, மலையாளம், கன்னடம், இந்திப் படங்களிலும் நடித்தார். அதன் பிறகும் 28 ஆண்டுகள் திரையில் இருந்தார். மொத்தப் படங்கள் 1,500-க்கும் மேல் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு.

ஜில் ஜில் ரமாமணி ஏன் இன்றும் பேசப்படுகிறார்?

மனோரமாவின் ஒரே ஒரு பாத்திரத்தைச் சொல்லுங்கள் என்றால் முக்கால்வாசிப் பேர் சொல்வது 'தில்லானா மோகனாம்பாள்' (1968) படத்தின் ஜில் ஜில் ரமாமணி. ஏ.பி.நாகராஜன் இயக்கிய படம். சிவாஜி, பத்மினி, டி.எஸ்.பாலையா, நாகேஷ், பாலாஜி என்று ஜாம்பவான்கள் சூழ்ந்த படம். அதில் பாதிப் படத்துக்கு மேல் நுழையும் ஒரு பாத்திரம் இவ்வளவு தூரம் நிலைத்து நிற்கிறது.

காரணம் இருக்கிறது. ரமாமணி ஒரு நாடகக்காரி. ஊர் ஊராகச் சுற்றும் கொட்டகை நாடகத்தில் ஆடிப் பாடிப் பிழைக்கும் பெண். அந்தப் படத்தில் நாதஸ்வரம், பரதநாட்டியம் இரண்டும் 'உயர்ந்த' கலைகள். ரமாமணியின் கலைக்கு அந்த மரியாதை கிடையாது. அது அவருக்கே தெரியும். அந்தத் தாழ்வுணர்ச்சியை வாய்ப்பேச்சாலும் சிரிப்பாலும் மூடிக்கொண்டு, நாதஸ்வர வித்துவானிடம் கள்ளமில்லாமல் அன்பு காட்டுகிறார்.

மனோரமாவுக்கு இது நடிப்பு மட்டும் அல்ல. அவர் வாழ்ந்த உலகம் அது. நாடகப் பெண்கள் எப்படி நடப்பார்கள், பெரிய மனிதர்கள் முன்னால் எப்படிக் குழைவார்கள், எங்கே ரோஷம் வரும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். கேலிச் சித்திரமாகப் போயிருக்கக்கூடிய ஒரு பாத்திரம் மனுஷியாக நின்றது அதனால்தான்.

எல்லா ஊர்த் தமிழும் எப்படி வந்தது?

மனோரமாவின் பெரிய பலம் வட்டாரப் பேச்சு. அதே 1968-ல் வெளியான 'பொம்மலாட்டம்' படத்தில் அசல் மெட்ராஸ் பாஷையில் பாட்டே பாடினார். சோவோடு அவர் வரும் அந்தக் காட்சி இன்றும் வைரல். மன்னார்குடியில் பிறந்து செட்டிநாட்டில் வளர்ந்த ஒருவர், வடசென்னைக்காரர்களே ஒப்புக்கொள்ளும்படி அந்தத் தமிழைப் பேசினார்.

'சின்ன கவுண்டர்' (1992) படத்தில் எடுப்பான பல் வைத்துக்கொண்டு கொங்குத் தமிழ் பேசும் ஆத்தா. 'சம்சாரம் அது மின்சாரம்' (1986) படத்தில் வீட்டு வேலைக்காரி கண்ணம்மா. குடும்பத்தில் யாரும் தீர்க்க முடியாத சிக்கலை, அந்தக் குடும்பத்தில் 'யாரும் இல்லாத' கண்ணம்மாதான் தீர்த்துவைக்கிறார். அம்மா வீட்டு வேலை செய்து வளர்த்த மகள், அந்த வேஷத்தைப் போடும்போது அதில் ஒரு கம்பீரம் இருந்தது. எஜமானர்களைவிட விவரமான வேலைக்காரி.

'அன்பே வா' (1966) உட்படப் பல படங்களில் நாகேஷும் மனோரமாவும் சேர்ந்து நடித்தார்கள். இருவருமே டைமிங்கில் கெட்டிக்காரர்கள். அதன் பின் சோ, தேங்காய் சீனிவாசன், சுருளிராஜன் என்று எதிரில் நிற்கும் ஆள் மாறிக்கொண்டே இருந்தார். மனோரமா மட்டும் மாறவில்லை.

யோசித்துப் பாருங்கள். தமிழ் சினிமாவில் ஆண் காமெடியன்களின் பட்டியல் என்.எஸ்.கே. முதல் யோகி பாபு வரை நீளும். டி.ஏ.மதுரம், அங்கமுத்து, எம்.சரோஜா, சச்சு, கோவை சரளா என்று பெண்களும் இருக்கிறார்கள். ஆனால் ஒரு பெண் காமெடி நடிகையை நடுவில் வைத்துக் கதை எழுதியது அபூர்வம். ஏவி.எம்மின் 'பாட்டி சொல்லைத் தட்டாதே' (1988) அப்படி ஓர் அபூர்வம். அதில் பாட்டிதான் படமே.

மகனைவிட 13 வயசு மூத்த அம்மா

80-களின் பிற்பகுதியில் மனோரமா 'அம்மா' ஆனார். இங்கே ஒரு சின்ன வயசுக் கணக்கு, சினிமா பெண்களை எப்படி நடத்துகிறது என்பதைக் காட்டிவிடும்.

'அண்ணாமலை' (1992) படத்தில் ரஜினிகாந்தின் அம்மா மனோரமா. ரஜினி பிறந்தது 1950. மனோரமா 1937. வித்தியாசம் 13 வயது. 'சின்ன கவுண்டர்' படத்தில் விஜயகாந்தைவிட 15 வயது மூத்தவர். 'அபூர்வ சகோதரர்கள்' (1989) படத்தில் ராஜா கமலை வளர்த்த அம்மா. கமல்ஹாசனைவிட 17 வயது மூத்தவர். 'சின்ன தம்பி' (1991) பிரபுவுக்கும் இவருக்கும் 19 வயது.

50 வயதைத் தாண்டிய நாயகன் கல்லூரி மாணவியோடு டூயட் பாடலாம். 50 வயதைத் தாண்டிய நடிகை வெள்ளைப் புடவைதான் கட்ட வேண்டும். இந்த விதியை மனோரமா மாற்றவில்லை, மாற்றும் இடத்திலும் அவர் இல்லை. ஆனால் கொடுத்த வெள்ளைப் புடவைக்குள்ளேயே அவர் ஒரு வேலை செய்தார்.

'சின்ன தம்பி'யில் மகனுக்காக அவமானப்படும் விதவைத் தாய், படம் பார்த்தவர்களைக் கலங்கடித்தார். 'இந்தியன்' (1996) படத்தில் அரசு உதவித் தொகைக்காக அலுவலகம் அலுவலகமாக அலைந்து, லஞ்சம் கொடுக்க முடியாமல் நொந்துபோகும் ஏழைப் பெண்ணாகச் சில நிமிடங்கள்தான் வருவார். தாலுகா ஆபீஸ் வாசலில் கால் கடுக்க நின்ற அனுபவம் உள்ள யாரும் அந்தச் சில நிமிடங்களை மறக்க முடியாது.

நடுவில் 'நடிகன்' (1990) போன்ற படமும் வந்தது. முதியவர் வேஷம் போட்ட சத்யராஜ் மீது ஆசைப்படும், கல்யாணம் ஆகாத பெண் வேடம். வயசான பெண்ணின் ஆசையைச் சினிமா வழக்கம்போலச் சிரிப்பாகத்தான் காட்டியது. ஆனால் மனோரமா நடித்ததால் சிரிப்புக்கு நடுவே ஒரு ஏக்கமும் தெரிந்தது.

அரசியல் கொடுத்த அடி

அண்ணா, கருணாநிதியோடு மேடையிலும், எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, ஆந்திராவின் என்.டி.ராமராவ் ஆகியோரோடு திரையிலும் நடித்ததால், ஐந்து முதல்வர்களோடு நடித்தவர் என்ற பெருமை மனோரமாவுக்கு உண்டு.

அரசியல் அவருக்குச் சிக்கலையும் கொண்டுவந்தது. 1996 சட்டமன்றத் தேர்தலில் அ.தி.மு.க.வுக்காகப் பிரசாரம் செய்தார். அப்போது ஜெயலலிதாவுக்கு எதிராகக் குரல் கொடுத்த ரஜினியை மேடைகளில் கடுமையாக விமர்சித்தார். தேர்தலில் அ.தி.மு.க. தோற்றது. அதன் பிறகு மனோரமாவுக்குப் பட வாய்ப்புகள் குறைந்தன.

நாயகனை அனுசரித்து ஓடும் தொழிலில் ஒரு துணை நடிகையின் நிலை எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதற்கு இது சாட்சி. 1,000 படம் தாண்டியவர், தேசிய விருது வாங்கியவர். அவருக்கே இந்த நிலை. அடுத்த ஆண்டு ரஜினியே தன்னுடைய 'அருணாசலம்' (1997) படத்தில் அவரை நடிக்க வைத்தார். கதவு மறுபடி திறந்தது. அந்தப் பெருந்தன்மையை மனோரமா பிறகு மேடைகளில் மனம் திறந்து பாராட்டினார். கதவைத் திறக்கவும் ஒரு நாயகன்தான் தேவைப்பட்டார் என்பதையும் சேர்த்தே பார்க்கணும்.

விருதுகள் என்னென்ன?

பார்த்திபன் இயக்குநராக அறிமுகமான 'புதிய பாதை' (1989) படத்துக்காகச் சிறந்த துணை நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது. தமிழக அரசின் கலைமாமணி, 1995-ல் ஃபிலிம்ஃபேர் வாழ்நாள் சாதனையாளர் விருது, 2002-ல் பத்மஸ்ரீ ஆகியவையும் வந்தன. முதல் படத்துக்கும் தேசிய விருதுக்கும் நடுவே 30 ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி. நகைச்சுவையை 'நடிப்பு' என்று ஒப்புக்கொள்ள விருதுக் குழுக்களுக்கு எப்போதுமே நேரம் பிடிக்கும்.

2006-ல் 'இம்சை அரசன் 23-ம் புலிகேசி'யில் ராஜமாதா, 2009-ல் தெலுங்கு 'அருந்ததி', 2013-ல் 'சிங்கம் 2' என்று கடைசி வரை புதிய தலைமுறையோடும் நின்றார். 2015-ல் அவர் மறைந்தபோது முதல்வர் ஜெயலலிதா நேரில் வந்து அஞ்சலி செலுத்தினார்.

மற்ற நாடக நடிகைகள் என்ன ஆனார்கள்?

மனோரமா ஜெயித்தவர். அதே பாதையில் வந்த பலருக்கு அந்த அளவுக்கு வெளிச்சம் கிடைக்கவில்லை.

விருதுநகர் மாவட்டக் கிராமத்திலிருந்து நாடகத்துக்கு வந்த எஸ்.என்.லட்சுமி, 'மைக்கேல் மதன காமராஜன்' படத்தில் திருட்டுப் பாட்டியாக வந்து சிரிக்க வைத்தவர். 'மகாநதி', 'விருமாண்டி' படங்களிலும் நடித்தார். 2012-ல் மறைந்தார். '16 வயதினிலே' (1977) படத்தில் குருவம்மாளாக வாழ்ந்த காந்திமதி 2011-ல் மறைந்தார். இவர்களின் முகம் தெரியாத தமிழர் இல்லை. பெயரைக் கேட்டால் பலருக்கும் சட்டென்று வராது.

திரைக்கு வராமல் மேடையிலேயே நின்றுவிட்டவர்களின் நிலை இன்னும் கடினம். சம்பளம் நாடகம் நடக்கும் ராத்திரிக்கு மட்டும். திருவிழா சீசன் முடிந்தால் வருமானமும் முடிந்தது. முதுமையில் பி.எஃப். கிடையாது, கிராஜுவிட்டி கிடையாது. சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருப்பவர்கூட இ.எஸ்.ஐ. அட்டையைக் கேட்டு வாங்கலாம். நாடகக் கம்பெனியில் 30 வருஷம் உழைத்தவருக்கு அப்படி ஓர் அட்டை இருந்ததே இல்லை.

அரசு உதவி என்ன இருக்கிறது?

தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம் நலிந்த நிலையில் உள்ள கலைஞர்களுக்கு மாதாந்திர நிதியுதவி தருகிறது. நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் 2007 முதல் செயல்படுகிறது. கூத்துக் கலைஞர்களும் அதில் பதிவு செய்யலாம். தென்னிந்திய நடிகர் சங்கமும் மூத்த உறுப்பினர்களுக்கு மாத உதவித் தொகை கொடுக்கிறது.

திருவள்ளூர் மாவட்டத்தில் கூத்துக் கட்டும் குழுவில் உங்கள் வீட்டுப் பெரியவர் இருந்தால், அவர் வாரியத்தில் பதிவு செய்திருக்கிறாரா என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். பதிவு இல்லாமல் உதவி வராது.

இனி இன்னொரு மனோரமா வருவாரா?

திறமை இல்லாமல் போகாது. கும்மிடிப்பூண்டி ஷிஃப்ட் பஸ்ஸில் கூடப் போகும் பெண்களைச் சிரிக்க வைக்கும் ஒருத்தி இருப்பார். பொன்னேரி சந்தையில் குரலை ஏற்றி இறக்கிக் கூட்டத்தைக் கூட்டும் ஒருத்தி இருப்பார். பிரச்சினை, அவரைக் கண்டுபிடித்து, சோறு போட்டு, ஐந்தாறு வருஷம் பயிற்சி கொடுத்து, சினிமா வாசல் வரை கொண்டுபோய் விடும் அந்தப் பழைய பாலம் இப்போது இல்லை.

இன்று ரீல்ஸ் இருக்கிறது. செல்போன் இருந்தால் யாரும் நடித்துக் காட்டலாம். நாடகக் கம்பெனிக்கு ஓடிப்போக வேண்டியதில்லை. சாதி, பணம், ஊர் எதுவும் குறுக்கே நிற்காது என்பது நிஜமான முன்னேற்றம். ஆனால் 30 நொடியில் சிரிக்க வைப்பதும், மூணு மணி நேரம் ஒரு பாத்திரமாக நிற்பதும் ஒன்றல்ல. முதலாவதைச் செல்போன் கற்றுக்கொடுக்கும். இரண்டாவதை யாராவது உட்கார்ந்து கற்றுக்கொடுக்கணும்.

பூந்தமல்லி பக்கம் 500 கோடியில் தளங்கள் எழும்பும்போது, அந்த வளாகத்தில் ஒரு மூலையில் நடிப்புப் பயிற்சிக்கும் ஒரு மேடைக்கும் இடம் ஒதுக்கினால், சுற்றியுள்ள ஊர்ப் பிள்ளைகளுக்கு அது வாசலாகும். கூடவே, துணை வேடங்களில் நடிப்பவர்களுக்கு முறையான சம்பளமும் முதுமைக் காலப் பாதுகாப்பும் வேண்டும். இந்த இரண்டும் இல்லாமல் தளம் மட்டும் வந்தால், அங்கே மும்பையிலிருந்து வரும் நாயகிகள் நடிப்பார்கள், உள்ளூர்ப் பெண்கள் கூட்டத்தில் நிற்பார்கள்.

பள்ளத்தூரில் பாத்திரம் தேய்த்த ஒரு சிறுமிக்கு 12 வயதில் ஒரு நாடக மேடை திறந்திருந்தது. அன்றைக்கு அது மூடியிருந்தால், தமிழ்நாட்டுக்கு ஆச்சி கிடைத்திருக்க மாட்டார்.